கேட்டால் போதும் என்பவர்களுக்கு

சில மாதங்களுக்கு முன் பாளையங்கோட்டையில் ஒரு சிறுகதைத் தொகுப்புக்கான விமர்சனக் கூட்டம் நடந்தது. நாற்பது பேருக்குக் குறையாமல் வந்திருந்தார்கள். பேச்சாளர்கள் வழக்கம்போல் நேரம் கடந்து பேசினார்கள். கடைசியில் கேள்வி நேரம். பின்வரிசையிலிருந்து பார்வையற்ற தமிழாசிரியர் ஒருவர் எழுந்து, "இந்தத் தொகுப்பு பிரெய்லில் வருமா?" என்று கேட்டார். மேடையில் இருந்த பதிப்பாளர் முகமெல்லாம் மலர்ச்சியாக, "ஐயா, நீங்கள் கவலைப்படவே வேண்டாம். ஒலிப்புத்தகமாகக் கொண்டுவரப் போகிறோம். நல்ல குரலில் கேட்கலாம்" என்றார். அரங்கம் கைதட்டியது. தட்டல் அடங்கும்வரை ஆசிரியர் நின்றுகொண்டே இருந்தார். பிறகு, "நான் கேட்டது வாசிப்பதற்கு, கேட்பதற்கு அல்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதற்குக் கைதட்டல் இல்லை. நன்றியுரை தொடங்கிவிட்டது.

கைதட்டியவர்களில் நாங்களும் இருந்தோம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம். இக்கட்டுரை அந்தக் கைதட்டலுக்கு எதிராக எழுதப்படுவது. பார்வையற்ற வாசகருக்கு ஒலி போதும் என்று பார்வையுள்ள நாம் முடிவு செய்துகொண்டிருக்கிறோம். அந்த முடிவை எடுக்கும் உரிமை நமக்கு இல்லை. அதைவிட முக்கியமானது, அந்த முடிவு நமக்கு வசதியானது என்பதால்தான் எடுக்கிறோம். அவர்களுக்கு அதனால் ஆவது பாதிதான். இதுவே நாங்கள் சொல்ல வந்தது.

இதைச் சொல்வதற்குப் பொருநைக்கரையைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இல்லை. இந்தியாவில் பார்வையற்றோருக்கான முதல் பள்ளி 1887இல் அமிர்தசரஸில் தொடங்கப்பட்டது. மூன்றே ஆண்டுகள் கழித்து, 1890இல், சர்ச் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த ஆஸ்க்வித் அம்மையார் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். தமிழ்ப் பிள்ளைகள் தமிழை விரலால் படிக்க வேண்டுமானால், பிரெஞ்சு மொழிக்கென்று பிறந்த ஆறு புள்ளிகளைத் தமிழ் நெடுங்கணக்குக்கு வகுத்தாக வேண்டும். அந்த வேலையும் பாளையங்கோட்டையில் நடந்தது. அக்காலத்தில் இந்தியாவில் ஒவ்வொரு பள்ளியும் தனக்கென ஒரு முறையை வைத்திருந்தது. கல்கத்தாவில் ஒன்று, பம்பாயில் ஒன்று, மைசூரில் ஒன்று. ஓரிடத்தில் அச்சான நூலை மற்றோரிடத்தில் படிக்க முடியாது. யுனெஸ்கோவின் முன்முயற்சியில், போரில் பார்வை இழந்த நியூசிலாந்துக்காரர் கிளூதா மெக்கன்ஸி போன்றவர்கள் உழைத்து, 1951இல்தான் இந்திய மொழிகள் அனைத்துக்குமான பொதுமுறை ஏற்கப்பட்டது. அதற்குப் 'பாரதி பிரெய்ல்' என்று பெயர். நம் கவிஞரின் பெயர் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது பாரதத்தைக் குறிப்பது. எப்படியாயினும், அந்தப் பொதுமுறை வருவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே தமிழைத் தடவிப் படிக்கத் தொடங்கிய ஊர் இது. அந்தப் பள்ளி மேல்நிலைப்பள்ளியாக வளர்ந்து இன்றும் நடக்கிறது.

அதே ஊர்தான் நவீனத் தமிழ் இலக்கியத்தின் விளைநிலங்களில் ஒன்று. புதுமைப்பித்தன் படித்தது இங்கே. பாரதி பள்ளிப் பையனாகத் திரிந்தது இங்கே. ரசிகமணி, தொ.மு.சி. ரகுநாதன், வல்லிக்கண்ணன், தி.க.சி., வண்ணதாசன், வண்ணநிலவன், கலாப்ரியா, தோப்பில் முஹம்மது மீரான் என்று பட்டியல் போட்டால் நமக்கே பெருமிதம் வந்துவிடும். 2022 நவம்பரில் அரசே இங்கு பொருநை இலக்கியத் திருவிழா எடுத்தது. ஆக, தமிழைத் தடவிப் படிக்க வழி செய்த பள்ளியும், தடவிப் படிக்கத் தகுந்த எழுத்தும் ஒரே ஊரில் சில தெருக்கள் இடைவெளியில் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் ஒரு பாலம் போட வேண்டும் என்ற எண்ணம் நூற்றுமுப்பது ஆண்டுகளில் நம்மில் எத்தனை பேருக்கு வந்தது? சுலோசன முதலியார் பாலத்தைப் பற்றி நாம் எழுதிய பக்கங்களில் நூறில் ஒரு பங்கு இதைப் பற்றி எழுதியிருப்போமா?

பார்வையுள்ளவர்கள் தமக்கு எளிதானதைப் பார்வையற்றோருக்கு நல்லது என்று தீர்மானிப்பது புதிதன்று. பாரிஸ் பள்ளியில் வாலன்டீன் ஹாவி என்பவர் சாதாரண லத்தீன் எழுத்துகளையே தாளில் மேடாக எழுப்பிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். பெரும் தொண்டுதான், ஐயமில்லை. ஆனால் அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகத் துழாவிப் படிப்பதற்குள் வாக்கியத்தின் தொடக்கம் மறந்து போகும். எழுதவோ வழியே இல்லை. அப்பள்ளியின் மாணவரான லூயி பிரெய்ல் 1829இல் தம் புள்ளிமுறையை வெளியிட்டார். விரல்நுனி ஒரே தொடுகையில் அடக்கிக்கொள்ளும் ஆறு புள்ளிகள், அவற்றில் பிறக்கும் அறுபத்துமூன்று வடிவங்கள். மாணவர்கள் அதைப் பற்றிக்கொண்டார்கள். ஆனால் 1840இல் வந்த புதிய இயக்குநர் அதைத் தடை செய்தார். தடைக்குக் காரணம், பார்வையுள்ள ஆசிரியர்களுக்கு அது படிக்க வரவில்லை. மேடெழுத்து என்றால் கண்ணால் பார்த்துத் திருத்திவிடலாம். புள்ளிகளென்றால் ஆசிரியர் மாணவரிடம் போய்ப் பாடம் கேட்க வேண்டும். பிள்ளைகள் ஒளித்து வைத்துக்கொண்டு எழுதினார்கள். தடை சில ஆண்டுகளில் தளர்ந்தது. ஆனாலும் பிரெய்ல் 1852இல் இறந்த பிறகு, 1854இல்தான் அவருடைய எழுத்து அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டது.

பாரிஸ் இயக்குநர் கெட்டவர் அல்லர். தம் பிள்ளைகளுக்கு நல்லது செய்வதாகவே நம்பினார். நம் பதிப்பாளரும் அப்படித்தான். "நல்ல குரலில் கேட்கலாம்" என்று சொன்னபோது அவர் முகத்தில் தெரிந்த மலர்ச்சி பொய்யானதன்று. நாங்கள் அஞ்சுவது அந்த நல்லெண்ணத்தைப் பார்த்துத்தான்.

"கேட்பதும் வாசிப்புதானே? வாய்மொழி மரபில் வந்த நாம் இதைச் சொல்லலாமா?" என்று வாதிடுவார்கள். வாதத்தைத் தட்டிக்கழிக்க மாட்டோம். நடுவயதில் பார்வை இழந்தவர்களுக்கு, சர்க்கரை நோயால் விரல்நுனி மரத்துப் போனவர்களுக்கு, பேருந்தில் நின்றுகொண்டே பயணம் செய்கிறவர்களுக்கு ஒலிநூல் ஒரு வரம். திரைவாசிப்பான் வந்த பிறகு எத்தனையோ பார்வையற்ற நண்பர்கள் யார் தயவும் இன்றி நாளிதழ் படிக்கிறார்கள், கட்டுரை எழுதுகிறார்கள். ஒலி வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. ஒலி இருப்பதால் எழுத்து வேண்டாம் என்பதைத்தான் மறுக்கிறோம். பார்வையுள்ள குழந்தைக்கு இந்த நீதியைச் சொல்லிப் பாருங்கள்: "உனக்குத்தான் கதை சொல்ல ஆளிருக்கிறதே, அ, ஆ எதற்கு?" எந்தப் பெற்றோர் ஒத்துக்கொள்வார்கள்?

தமிழில் இது இன்னும் கூர்மையான கேள்வி. நம் மொழியில் காது மட்டுமே கற்றுத்தர முடியாதவை மிகுதி. நெல்லைச் சீமையில் வாழைப்பழம் வாயில் 'வாளப்பளம்' ஆகிவிடும். தெற்கே பிறந்த பிள்ளைக்கு ழகரமும் ளகரமும் காதில் ஒன்றுதான். ரகர றகர வேறுபாடு பெரும்பாலோர் பேச்சில் அழிந்துவிட்டது. ந, ன இரண்டையும் காது பிரிப்பதே இல்லை. அரை, அறை, கரை, கறை, பரவை, பறவை. நாம் இவற்றைப் பிரித்தறிவது கண்ணால் பார்த்துப் பார்த்துப் பதிந்ததால். பார்வையற்ற பிள்ளைக்கு அந்தப் பதிவைத் தரக்கூடியது விரல் ஒன்றே. எங்கே வல்லொற்று மிகும், எங்கே மிகாது, எங்கே காற்புள்ளி, எங்கே அரைப்புள்ளி, எங்கே பத்தி முடிகிறது என்பதையெல்லாம் ஒலிநூல் சொல்லாது. சொல்லத் தொடங்கினால் அதைக் கேட்க முடியாது.

தேர்வுக்கூடத்தை எண்ணிப் பாருங்கள். பார்வையற்ற மாணவர் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஒருவரை அமர்த்துகிறார்கள். 'ஏழை' என்று மாணவர் சொல்ல எழுதுபவர் 'ஏளை' என்று எழுதினால் மதிப்பெண் யாருக்குக் குறையும்? எழுத்தைத் தொட்டு அறிந்த மாணவர், "ஐயா, அது ழகரம்" என்று சொல்லித் திருத்துவார். கேள்வியறிவால் மட்டுமே தமிழ் கற்றவர் எதைச் சொல்லித் திருத்துவார்? தமிழ் இலக்கியம் படித்து ஆசிரியராகப் போக விரும்பும் பார்வையற்ற இளைஞர்கள் தமிழகக் கல்லூரிகளில் நிறையவே இருக்கிறார்கள். அவர்களை எழுத்திலிருந்து பிரித்துவிட்டு இலக்கியம் கற்பிக்கிறோம் என்பது என்ன நியாயம்?

கவிதைக்கு வருவோம். புதுக்கவிதையில் வரி எங்கே உடைகிறது என்பதே பாதிக் கவிதை என்று நாம் கூட்டங்களில் மணிக்கணக்கில் பேசியிருக்கிறோம். கல்யாண்ஜியின் கவிதையில் ஒரு சொல் தனித்து அடுத்த வரிக்கு இறங்குவதைப் பற்றி எங்களுக்குள்ளேயே சண்டை நடந்ததுண்டு. அந்தக் கவிதையை ஒரு குரல் வாசிக்கும்போது, எங்கே நிறுத்துவது என்பதை அந்தக் குரலுக்குரியவர் முடிவு செய்துவிடுகிறார். கேட்பவருக்குக் கிடைப்பது கவிதையும், அதன்மேல் இன்னொருவர் கொண்ட பொருளும் சேர்ந்த கலவை. திரும்ப ஒரு வரிக்குப் போய், ஒரு சொல்லின்மேல் விரலை வைத்துக்கொண்டு, யாரும் எதுவும் பேசாமல் இருக்கும் அமைதியில் அதைப் பற்றி யோசிக்கும் உரிமை அவருக்கு இல்லை. அந்த அமைதி நமக்கு மட்டும் உரியதா? செவியும் பழுதானவர்களை நினைத்தால் 'கேட்டால் போதும்' என்ற வாசகமே கொடுமையாகிவிடும். பார்வையும் செவியும் இல்லாதவருக்கு உலகம் முழுவதும் விரல்நுனியில் மட்டுமே இருக்கிறது.

தமிழ்ப் பிரெய்ல் எப்படி இருக்கும் என்பதை ஒரு முறையாவது நம் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் சில வார்த்தைகள். அச்சில் 'அம்மா' மூன்றெழுத்து. பிரெய்லில் ஐந்து கட்டங்கள்: அ, புள்ளி, ம, மீண்டும் ம, பின் ஆகாரம். மெய்யின் புள்ளி எழுத்தின் தலைமேல் ஏறுவதில்லை. முன்னால் வந்து நிற்கும். 'கொ' என்று அச்சடிக்கும்போது ககரத்துக்கு இருபுறமும் குறி போடுகிறோம். பிரெய்லிலோ முதலில் ககரம், அடுத்து ஒகரம், அவ்வளவே. உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்று நம் இலக்கணிகள் சொன்ன வரிசை அச்சைவிடப் பிரெய்லில்தான் ஒழுங்காகக் காக்கப்பட்டிருக்கிறது! கையால் எழுதுகிறவர்கள் சிலேட்டில் தாளைப் பொருத்தி, ஊசி கொண்டு வலமிருந்து இடமாகக் குத்திக்கொண்டே போவார்கள். தாளைத் திருப்பினால் புள்ளிகள் மேடாக எழுந்து இடமிருந்து வலமாகப் படிக்க வரும். ஓலையில் எழுத்தாணியால் கீறி வளர்ந்த மொழிக்கு இது அந்நியமான தொழில் இல்லை.

"புத்தகம் பெரிதாகிவிடும், செலவு கட்டாது" என்பது அடுத்த ஆட்சேபம். கணக்குப் போட்டே பார்ப்போம். வழக்கமான பிரெய்ல் தாளில் வரிக்கு 40 கட்டம், பக்கத்துக்கு 25 வரி. ஆக ஒரு பக்கத்தில் அதிகபட்சம் 1000 கட்டம். நாற்பதாயிரம் சொற்கள் கொண்ட ஒரு நாவலை எடுத்துக்கொள்வோம். இடைவெளியோடு சேர்த்துச் சொல்லுக்குப் பன்னிரண்டு கட்டம் என்று தோராயமாக வைத்தால் நான்கு லட்சத்து எண்பதாயிரம் கட்டங்கள். வரிக்கடைசியில் வீணாகும் இடத்தையும் கூட்டினால் ஐந்நூறு பக்கத்தைத் தாண்டும். தாளின் இருபுறமும் அச்சிடும் எந்திரத்தில் இருநூற்றைம்பது தாள்களுக்கு மேல். மூன்று நான்கு பாகங்களாகக் கட்டலாம். கனமான புத்தகம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கையால் தூக்க முடியாத கெட்டி அட்டையில் ஆயிரம் பக்க நாவல்களை வெளியிட்டு, அதற்கு ஐந்து ஊர்களில் வெளியீட்டு விழாவும் நடத்துகிற நாம் கனத்தைப் பற்றிப் பேசலாமா? தாளே இல்லாமலும் படிக்க முடியும். கணினியோடோ தனியாகவோ இயங்கும் சிறு கருவியில் இருபது கட்டங்களின் புள்ளிகள் எழுவதும் அமிழ்வதுமாக ஒரு நூலகத்தையே விரலடியில் ஓடவிடுகின்றன. விலை இன்னும் எளியோர் கைக்கு எட்டவில்லை என்பது மெய். அதைப் பள்ளிக்கும் நூலகத்துக்கும் வாங்கிக்கொடுக்க முடியாத அளவு நம் ஊர்த் தனவந்தர்கள் வறியவர்கள் அல்லர்.

"பிரெய்ல் தெரிந்தவர்களே குறைவு, யாருக்காக அச்சிடுவது?" என்பது மூன்றாவது ஆட்சேபம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் பார்வைக் குறைபாடு உடையவர்களாகப் பதிவானவர்கள் 50 லட்சத்துக்கு மேல். தமிழ்நாட்டில் 1 லட்சத்து 27 ஆயிரத்துக்கு மேல். இவர்கள் எல்லோரும் பிரெய்ல் படிக்கிறவர்கள் இல்லை, உண்மை. ஆனால் படிக்க நூலே இல்லாத எழுத்தை யார் ஊக்கத்தோடு கற்பார்கள்? பள்ளியில் கற்ற எழுத்து பாடநூலோடு முடிந்துபோனால், விரல் ஐந்தாண்டில் மறந்துவிடும். வாசகர் இல்லை என்று நூல் போடாமல் இருப்பது, நூல் இல்லாததால் வாசகர் குறைவது, குறைந்ததைக் காட்டி மறுபடியும் போடாமல் இருப்பது: செக்குமாட்டுச் சுற்று இது. முந்நூறு பிரதி அச்சடித்து இருநூறை நண்பர்களுக்கு இலவசமாகக் கொடுத்து இயக்கம் நடத்திய சிறுபத்திரிகைக்காரர்கள் நாம். வாசகர் எண்ணிக்கையைக் காட்டி இலக்கியத்தை மறுக்கும் வாதத்தை நம் வாயால் சொல்வதற்கு வெட்கமாக இல்லையா?

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம். சட்டம் தடுக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். அது இன்று தவறான தகவல். 2012இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது, மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க எந்த வடிவத்துக்கும் ஒரு நூலை மாற்றிக்கொள்ளலாம், லாபநோக்கின்றி அவர்களுக்குக் கொடுக்கலாம், உற்பத்திச் செலவை மட்டும் பெற்றுக்கொள்ளலாம் என்று 52ஆம் பிரிவில் விதிவிலக்கு சேர்க்கப்பட்டது. ஆசிரியரிடமோ பதிப்பாளரிடமோ அனுமதி கேட்கத் தேவையில்லை. 2013 ஜூனில் மராக்கெஷ் நகரில் உலக நாடுகள் இதே நோக்கில் ஓர் உடன்படிக்கை செய்தன; 2014இல் அதற்கு முதலாவதாக ஒப்புதல் அளித்த நாடு இந்தியா. 2016 செப்டம்பர் 30 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. எல்லை கடந்தும் இத்தகைய பிரதிகளைப் பகிர்ந்துகொள்ளலாம். ஆக, யாழ்ப்பாணத்திலோ டொராண்டோவிலோ இருக்கும் பார்வையற்ற தமிழ் வாசகருக்கும் இங்கிருந்து நூல் போய்ச் சேர வழி திறக்கப்பட்டிருக்கிறது.

சட்டம் கதவைத் திறந்துவிட்டது. ஆனால் ஒன்றைச் செய்யவில்லை: நூலின் கணினிக் கோப்பைக் கொடுக்க வேண்டும் என்று பதிப்பாளரை அது கட்டாயப்படுத்தவில்லை. கோப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும்? யாராவது ஒருவர் முந்நூறு பக்க நாவலை முதல் எழுத்திலிருந்து தட்டச்சு செய்ய வேண்டும். அல்லது பக்கம் பக்கமாக வருடி, எழுத்துணரியில் போட்டு, அது ஈன்ற பிழைகளை ஒவ்வொன்றாகக் களைய வேண்டும். தன்னார்வலர் ஒருவரின் மாலைப்பொழுதுகள் மாதக்கணக்கில் இதிலேயே கரைந்துபோகும். அதே நாவல் பதிப்பாளரின் கணினியில், மெய்ப்புத் திருத்தி முடித்த நிலையில், ஒரு விரல் சொடுக்கில் அனுப்பத் தயாராகக் கிடக்கிறது. கோப்பு கையில் கிடைத்தால் தமிழை பாரதி பிரெய்லாக மாற்றும் மென்பொருள்கள் உள்ளன; அவற்றுள் விலையில்லாதவையும் உண்டு. மாற்றியதை ஒரு பார்வையற்ற மெய்ப்புநோக்கரிடம் காட்டித் திருத்தி, புள்ளி அச்சுப்பொறிக்கு அனுப்பினால் வேலை முடிந்தது. அதே கோப்பிலிருந்து மங்கலான பார்வையுள்ளவர்களுக்குப் பெரிய எழுத்துப் பிரதி எடுக்கலாம், திரைவாசிப்பானிலும் கேட்கலாம். ஒலியையும் எழுத்தையும் மோதவிடத் தேவையே இல்லை. வாசகர் தமக்கு வேண்டியதைத் தாமே தேர்ந்துகொள்வார்.

நாங்கள் ஒரு பதிப்பாளரை அணுகிக் கேட்டோம். பெயர் வேண்டாம், அவர் ஒருவர் மட்டும் என்றால் பெயர் சொல்லியிருப்போம். "கோப்பைக் கொடுத்தால் இணையத்தில் ஏறிவிடும், திருட்டுப் பிரதி போட்டுவிடுவார்கள்" என்றார். அவர் பதிப்பித்த நூல்களின் திருட்டுப் பிரதிகள் ஏற்கெனவே வாட்ஸப்பிலும் டெலிகிராமிலும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவை யாவும் பக்கங்களைப் படம்பிடித்துச் செய்தவை. அதாவது, திருடனிடம் நூல் இருக்கிறது. திருட்டு நூல்கூடப் பார்வையற்ற வாசகருக்குப் பயன்படாது, ஏனென்றால் படத்தைத் திரைவாசிப்பான் படிக்காது. அவருடைய அச்சம் தடுத்து நிறுத்தியது ஒரே ஒருவரைத்தான்: காசு கொடுத்து வாங்கத் தயாராக இருந்த நேர்மையான வாசகரை.

இன்னொரு முட்டுக்கட்டையும் உண்டு. அது நம் சோம்பலால் வந்தது. தமிழ்ப் பதிப்பகங்களில் நெடுங்காலம் பக்கம் வடிவமைத்தது பாமினி, டாம், டாப் போன்ற பழைய எழுத்துருக் குறியீடுகளில். திரையில் தமிழாகத் தெரிவது கணினிக்கு உள்ளே ஏதோ ஆங்கிலக் குப்பையாக இருக்கும். 2010இல் தமிழக அரசே ஒருங்குறியைத் தரமாக அறிவித்த பிறகும் இன்னும் பல மேசைகளில் பழைய பழக்கம் ஒழியவில்லை. மாற்றிக் கொடுக்க நிரல்கள் இருக்கின்றன. மாற்றியதைச் சரிபார்க்க ஒரு மனிதர் ஒரு நாள் உட்கார வேண்டும். ஒரு நாவலுக்கு ஒரு நாள். அட்டைப்பட வண்ணத்துக்கு நாம் ஒரு வாரம் விவாதிக்கிறோம்.

அரசைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பாடநூல்கள் பிரெய்லில் வருவது அரசு அச்சகத்தால்தான். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் 2010 முதல் பிரெய்ல் பிரிவு இயங்குகிறது. செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் செவ்வியல் நூல்களைப் பிரெய்லில் கொண்டுவந்தது; 2023 டிசம்பரில் காசியில் திருக்குறள், மணிமேகலை முதலியவற்றின் பிரெய்ல் பதிப்புகள் பிரதமரால் வெளியிடப்பட்டன. இவை மகிழ்ச்சிக்குரியவை, மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் பார்வையற்ற வாசகர் பள்ளியில் பாடநூலும், வாழ்வில் அறநூலும் படித்தால் போதும் என்ற எண்ணம் இதற்குள் ஒளிந்திருக்கக் கூடாது. அவருக்கு நல்லுபதேசம் மட்டும் போதுமா? நமக்குப் போதவில்லையே. எரிச்சலூட்டும் கதை, கெட்ட கதை, காமம் சொல்லும் கதை, சாமியைக் கிண்டலடிக்கும் கதை, படித்து முடித்துத் தூக்கி எறியும் துப்பறியும் கதை எல்லாவற்றுக்கும் அவருக்கும் உரிமை உண்டு.

முதலில் செய்யக்கூடியதற்கு யாரிடமும் கையேந்தத் தேவையில்லை. பாரதியின் எழுத்து 1949இலேயே மக்கள் சொத்தானது. புதுமைப்பித்தன் படைப்புகள் 2002இல் நாட்டுடைமையாயின. மதுரைத் திட்டம் 1998 முதல் தட்டச்சு செய்து திரட்டிய மின்னூல்கள் ஒருங்குறியில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் புதுமைப்பித்தன் கதைகளும் உண்டு. பதிப்புரிமை இல்லை, கோப்பு இருக்கிறது, மாற்றும் மென்பொருள் இருக்கிறது, இதே ஊரில் பிரெய்ல் அறிந்த ஆசிரியர்களும் மாணவர்களும் இருக்கிறார்கள். நாட்டுடைமையான நூல்களை வருடிப் படங்களாக இணையத்தில் ஏற்றி வைப்பதோடு கடமை முடிந்ததாக நினைப்பவர்கள் ஒன்றை உணர வேண்டும். அந்தப் படங்கள் நாட்டுடைமையில் பார்வையற்ற குடிமகனுக்குப் பங்கு இல்லை என்று சொல்கின்றன. எழுத்தாக மாற்றி வைத்தால்தான் அது எல்லோருடைய உடைமை.

உ.வே.சா. பத்துப்பாட்டு ஏடு தேடித் திருநெல்வேலிக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் வந்த கதையை நாம் எல்லோரும் சிலிர்ப்போடு சொல்வோம். பரணில் நூல் இருந்தது, படிப்பவர் கைக்கு வராமல் இருந்தது. அவரை அலையவிட்டவர்களில் பலர் நூலின்மேல் பகை கொண்டவர்கள் அல்லர். எடுத்துக்கொடுக்கும் சிரமத்தைப் படவில்லை, அவ்வளவுதான். இன்று பதிப்பாளர் மேசையில் இருக்கும் கணினிதான் அந்தப் பரண். நாம் எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்று யோசிக்க வேண்டும்.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் மிக எளியவை. எழுத்தாளர்கள் பதிப்பகத்தோடு ஒப்பந்தம் எழுதும்போதே, பார்வையற்றோருக்கான வடிவங்கள் செய்யக் கோப்பைத் தர வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கட்டும். ஒப்பந்தமே எழுதுவதில்லை என்பவர்கள் முதலில் அதை எழுதட்டும். பதிப்பாளர்கள் நூல் அச்சுக்குப் போகும் அன்றே ஒருங்குறிக் கோப்பு ஒன்றைத் தனியே எடுத்து வைக்கட்டும். கேட்கும் பள்ளிக்கும் நூலகத்துக்கும் கொடுக்கட்டும். இலக்கிய அமைப்புகள் விருது கொடுக்கும் நூலைப் பிரெய்லிலும் கொண்டுவருவதை விருதின் பகுதியாக்கட்டும். பொன்னாடைக்கும் கேடயத்துக்கும் ஆகும் செலவில் சில பிரதிகள் போட்டுவிடலாம். நெல்லைப் புத்தகத் திருவிழாவில் பார்வையற்ற வாசகர் ஒருவர் உள்ளே நுழைந்தால் அவர் தொட்டுப் படித்து விலைக்கு வாங்க ஒரு மேசையாவது இருக்கட்டும். எந்த நூல்கள் முதலில் வரவேண்டும் என்பதைப் பார்வையற்ற வாசகர்களே சொல்லட்டும். அந்தப் பட்டியலைப் போடும் வேலையையும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஊருக்கு உபதேசம் செய்து ஒதுங்கிக்கொள்ளும் நோக்கம் எங்களுக்கு இல்லை. எங்களுக்குள் நூல் வெளியிட்டவர்கள் சிலர் இருக்கிறோம். எங்கள் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றிச் சரிபார்க்கத் தொடங்கிவிட்டோம். மாற்றி முடித்ததும் கேட்பவருக்குக் கொடுப்போம். அந்தச் சிறுகதைத் தொகுப்பின் ஆசிரியரையும் நேரில் சந்தித்து, அவருடைய பதிப்பாளரிடம் கோப்பைக் கேட்டு வாங்கித் தரச் சொல்லியிருக்கிறோம். அவர் மறுக்கவில்லை, "இதுவரை யாரும் கேட்கவில்லையே" என்றார்.

கேட்டிருந்தார்கள். பாளையங்கோட்டையில், பின்வரிசையிலிருந்து, அவர் காதுபடவே கேட்டிருந்தார்கள். நாம்தான் கைதட்டிக்கொண்டிருந்தோம்.